முன் சக்கரத்துக்குக் கழுதை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், அதை முதலில் எழுதிவிட்டுத்தான் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன். போனில் நீ அழுதுகொண்டே இருந்ததால் என்னால் எதையும் முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அப்பா நம் பஞ்சர் கடை வாசலில் ஒரு பால் வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார், நான் உள்ளே ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பைக்கில் நான்கு பேர் வந்தார்கள், காற்றடிக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவன் போனை நீட்டி நீ மேடையில் பேசிய வீடியோவைப் போட்டான். இந்த ஊர்க்காரர்கள் பாஷையில் காற்றுக்கும் கழுதைக்கும் ஒரு மூச்சுதான் வித்தியாசம், நாங்கள் இங்கே பிழைக்க வந்து இருபத்தாறு வருஷமாகியும் அந்த மூச்சு அப்பா வாயில் வரவில்லை, "முன் சக்கரத்துக்குக் கழுதை அடிக்கணுமா சார்" என்று அவர் கேட்பதை நீ அப்படியே செய்து காட்டுகிறாயே, கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறதே, அது. அதோடு விட்டிருந்தால் அவர்களும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கப்பா தப்பாச் சொல்லல, இந்த ஊர்ல கழுதை நாங்கதான், மூட்டைதான் உங்களுது என்று நீ அடுத்துச் சொன்னதுதான் அவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது.

எங்க ஊர்ச் சோத்தைத் தின்னுட்டு எங்களையே நக்கல் பண்றாளா உம் பொண்ணு, எங்கே நீ ஒழுங்காச் சொல்லு, காத்துன்னு சொல்லு என்றான் ஒருவன். அப்பா சொன்னார். கழுதை என்றுதான் வந்தது. அறைந்தான். மறுபடி சொல்லு என்றான், மறுபடியும் கழுதை, மறுபடியும் அறை. நான்காவது தடவை உதடு கிழிந்து முன்பல் ஒன்று தரையில் விழுந்தது. என்னை ஒருவன் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். அப்போது இன்னொருவன் காற்றடிக்கும் குழாயை எடுத்து அப்பாவின் இடது காதுக்குள் வைத்து அமுக்கினான். உன் அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர் சுருண்டு விழுந்ததும் நான்கு பேரும் சிரித்தார்கள். நீ அவர் மாதிரிக் கழுதை என்றபோது உன் கூட்டம் சிரித்த மாதிரியேதான் இவர்களும் சிரித்தார்கள், பாப்பா. உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

பிடித்திருந்தவனின் கையைக் கடித்தேன், விட்டான். டயர் கழற்றும் இரும்புக் கம்பி கையில் கிடைத்தது. குழாய் பிடித்திருந்தவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன், எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் மண்டிபோட்டு அம்மா அம்மா என்று அலறினான். அதற்கப்புறமும் தோளில் இன்னொரு அடி போட்டேன். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். தலையைக் குறிவைத்தபோது பால் வண்டிக்காரர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்து, போதும் அக்கா, செத்துடுவான் என்று இழுத்துவிட்டார். அவரும் அவர்கள் பாஷைக்காரர்தான். பைக் நம்பரைக் குறித்துக்கொண்டேன் என்று அவர் போட்ட சத்தத்தில்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்டேஷனில் எந்தக் குழாய் என்று கேட்டார்கள். அப்பா ரத்த வாயோடு கழுதைக் குழாய் என்றார், இரண்டு போலீஸ்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பால் வண்டிக்காரர்தான் புகாரை எழுதிக் கொடுத்துச் சாட்சிக் கையெழுத்தும் போட்டார். அவர்கள் மேலும் கேஸ், என் மேலும் கேஸ். பயத்தில் அடித்தேன் என்று சொல்லுங்கள் என்கிறார் வக்கீல். முதல் அடி பயத்தில்தான், இரண்டாவதைக் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இடது காது இனிக் கேட்காதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அப்பா உன் வீடியோவைக் கேட்டு வாங்கி, வலது காதோடு போனை ஒட்டி வைத்துக்கொண்டு முழுதும் பார்த்தார். உதட்டுத் தையல் விட்டு ரத்தம் வரும்வரை சிரித்தார். என்னை அப்படியே பேசுறா, ஸ்பேனரைத்தான் தலைகீழாப் பிடிச்சிருக்கா என்றார். நீ வீடியோவை அழித்துவிட்டு மேடையையே விட்டுவிடப் போவதாகச் சொன்னேன். விடச் சொல்லாதே, அவ எம் பொண்ணு, என்னை வச்சு அவ சிரிக்கலாம் என்றார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. நீ பேசு, ஆனால் கூட்டம் சிரித்து முடித்ததும் இந்தச் செவ்வாய்க்கிழமையையும் சொல்லிவிட்டு இறங்கு. என்னை நல்லவளாக்காதே, அந்த இரண்டாவது அடியையும் சேர்த்தே சொல்.

கடையை நேற்றுத் திறந்துவிட்டோம். நீ நூறு வருஷம் நன்றாக இரு, தொண்டைக்கு வெந்நீர் குடி. மேடை ஏறுவதற்கு முன்னால் வெளியே போகிற வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் மறக்காமல் பார்த்து வைத்துக்கொள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா