காஸ்லைட் வெளிச்சத்தில் பொரித்த புழு

1938 நவம்பர் 14, மாரண்டஹள்ளி

விடியலில் இருந்து தூறல். முசுக்கட்டை இலை முழுக்க ஈரம். துடைத்துத் துடைத்துக் கை விறைத்துவிட்டது. ஈர இலை போட்டால் பட்டுப்புழுவுக்கு ஆகாது.

எதற்குத் துடைக்கிறேனோ. இந்தத் தடவைப் புழு பாழ். ஒரே தட்டில் ஒன்று தோலுரிக்கத் தூங்குகிறது, பக்கத்தில் ஒன்று தின்கிறது, இன்னொன்று எறும்பு அளவு. முட்டை ஒன்றாகப் பொரிக்கவில்லை. எப்போதும் கிழக்கு ஜன்னல் வெளுத்ததும் மொத்தமாகப் பொரிக்கும். இந்த முறை நாலு நாளாக, மத்தியானம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்.

மாமியார் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. காவேரி தொட்டதால்தானாம். தாலி அறுத்தவள் கை பட்டால் இப்படித்தானாம். பெற்ற மகளைப் பற்றி. இவரும் சீட்டாடும் கூட்டாளிகள் எதிரிலேயே, "இனிமே புழு ரூமுக்குள்ள கால் வெக்காத" என்றார் தங்கையிடம். அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகை அறைக்குப் போய்விட்டாள். இருபது வயதுப் பெண்.

உப்பு, சீயக்காய், தீப்பெட்டி வாங்க.

நவம்பர் 16

வெயில். புழுவைக் குப்பைக் குழியில் கொட்டினோம். கோழிகளுக்குக் கொண்டாட்டம்.

புருஷன் போனதில் இருந்து இரண்டு வருஷமாகக் காவேரிதான் முட்டை பார்க்கிறாள். அப்போதெல்லாம் பொரித்ததே. புதிதாக வந்தது காஸ்லைட் ஒன்றுதான். தீபாவளிக்கு இவர் ஓசூரில் வாங்கியது. சீட்டாட்டத்துக்காகக் கூடத்தில் விடிய விடிய எரிகிறது. கதவில்லாத புழு ரூம். வெளிச்சம் நேராக முட்டை ஒட்டியிருக்கும் துணி மேல். உள்ளே இருக்கும் புழுவுக்கு எது ராத்திரி, எது விடியல்?

இவரிடம் சொன்னேன். "வெளக்குக்கும் முட்டைக்கும் என்னா சம்மந்தம்? அதுக்குக் கண்ணா இருக்குது?" சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நவம்பர் 20

புது முட்டை வந்தது. துணியை இரண்டாகக் கத்தரித்தேன். பாதி பழைய இடத்தில். பாதி காவேரியிடம். கொட்டகை அறையில் ராத்திரி கும்மிருட்டு; காலையில் கதவைத் திறந்தால் வெயில்.

வாங்க மாட்டேன் என்றாள். "இதுவும் கெட்டா என் தலைலதான் விழும் அண்ணி."

கெடாது என்றேன். உறுதியாகவா தெரியும்? பயமாகத்தான் இருந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் 29

பனி. கொட்டகைப் பாதி, கதவு திறந்து கொஞ்ச நேரத்தில் மொத்தமாகப் பொரித்துவிட்டது. துணி முழுக்கக் கறுப்பாக நெளிகிறது. புழு ரூம் பாதி நேற்றில் இருந்து அங்கொன்று இங்கொன்று. நிறைய இன்னும் முட்டையாகவே.

இரண்டையும் இவர் முன்னால் வைத்தேன். குனிந்து பார்த்தார். "சரி, முட்டை இருக்கற நாள்ல லைட்ட வாசலுக்கு மாத்திக்கறேன்." அவ்வளவுதான். காவேரி பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் கூட்டாளிகளிடம், "வெளிச்சந்தான் கோளாறுங்க, நாந்தான் கண்டுபுடிச்சேன்."

களி கிண்டிக்கொண்டிருந்தேன். துடுப்பு உடைந்துவிட்டது.

நவம்பர் 30

இலை பறிக்கப் போகவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன்: யார் எதிரில் அவளை வெளியே அனுப்பினீங்களோ, அவங்க எதிரிலேயே தப்பு என்னுதுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் புழு பட்டினி.

"வாயில்லா சீவனுங்க. பாவம் சும்மா வுடாது" என்றார் அத்தை. உங்க மகளுக்கு மட்டும் வாய் இருந்துதா என்றேன்.

காவேரி வந்து, "என் பாதிக்குமா இலை இல்ல?" என்றாள். அதற்கும்தான் என்றேன்.

மத்தியானம் கூட்டாளிகள் வந்தார்கள். இவர் தலையைச் சொறிந்தார். தரையைப் பார்த்து, "காவேரி மேல தப்பில்லைங்க. லைட்டு மாட்டுனது நானு. ஒழுங்கா பொரிச்சது அவகிட்டதான்."

"அட, வுடுங்க" என்று ஒருவர் சீட்டைக் கலைத்தார். இவ்வளவு லேசாகப் போய்விட்டது அவர்களுக்கு.

காவேரி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். ரூமுக்கு வா என்றேன்.

"வரல அண்ணி. என் புழு இங்கியே வளரட்டும். அடுத்த முட்டையும் எனக்குத் தனியாக் குடுங்க."

உள்ளே போய் நல்ல தட்டாகப் பார்த்து எடுத்தேன். "எங்க தூக்கிட்டுப் போற?" என்றார் அத்தை. கொட்டகைக்கு என்றேன். எனக்குக் கோபம் ஆறவில்லை. இருட்டுவதற்குள் இலை பறிக்கணும்.