திங்கட்கிழமை வாபஸ்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை என் மகனுடைய அலுவலகப் பையைத் திறந்தேன். மற்றவர் பையில் கை வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். மருமகள் தன் தாயைப் பார்க்க வேலூருக்குப் போயிருந்தாள். இவன் மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பையைச் சோபாவில் போட்டுவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டான். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவலாம் என்று திறந்தேன். டப்பாவுக்கு முன்னால் வினிகர் வாடை வந்தது. பையின் பக்கவாட்டு உறையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பி. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை மாத்திரைகள்.

என்ன மாத்திரை என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில் உன் கிளினிக் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு குப்பியை என் மூக்கருகே நீட்டி, "ஆஸ்பிரின் ஈரம் பட்டுக் கெட்டா இப்படித்தான் நாறும்டி. பேரைப் படிக்கவே வேணாம்" என்றாய். அவனை எழுப்பாமல் குப்பியைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உனக்கு போன் செய்ய வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்பது இப்போதும் எனக்கு இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வருகிறது.

செங்கல்பட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல் இருந்தது உன் கிளினிக். ஒரு திங்கட்கிழமை ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்தபோதுதான் அந்த வழக்கத்தை முதலில் பார்த்தேன். முதல் நோயாளியை உள்ளே அழைக்கும் முன் நீ வெளியே வந்து பெஞ்சுகளுக்கு எதிரே நின்றாய். "வயசான சர்க்கரைக்காரங்களுக்கு நான் போன வருஷம் ஒண்ணு சொன்னேன். சர்க்கரையை இறுக்கிப் பிடிங்கன்னு. அதை இன்னிக்கு வாபஸ் வாங்கறேன். ரொம்ப இறுக்கினா மயங்கி விழறீங்க. அதுதான் பெரிய ஆபத்துன்னு இப்ப தெரிஞ்சிருக்கு."

முன் பெஞ்சில் ஒரு கிழவர் விடவில்லை. "இன்னா டாக்டரம்மா, அப்பொ சோத்த கொறன்னீங்க. இப்பொ துன்லாம்ன்றீங்க. எத்த நம்பறது?"

"இஷ்டத்துக்குத் தின்னுங்கன்னு சொல்லல. பயந்துக்கிட்டுப் பட்டினி கிடக்காதீங்கன்னு சொல்றேன்."

பெஞ்சு முழுவதும் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஊர் அதற்கு 'வாபஸ்' என்றே பெயர் வைத்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள், "இன்னிக்கு திங்கக்கெழம, இன்னாத்த வாபஸ் வாங்கப் போறாங்களோ" என்று என் காதுபடவே பேசிக்கொள்வார்கள். எதிர்ச்சாரியில் இருந்த டாக்டரைப் பற்றி, "அவுரு சொன்னா சொன்னதுதான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். இதை உன்னிடம் சொன்னபோது, "சொன்னது மாறக் கூடாதுன்னா மாமல்லபுரத்துல கல்லு செதுக்கப் போகணும்டி. வைத்தியம் பார்க்க வரக் கூடாது" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ மின்சார ரயிலேறி ஊரப்பாக்கத்துக்கு வருவாய். துணிப்பையில் புதிதாக வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள், மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டிகள். சாப்பாட்டு மேஜையில் அவற்றைப் பரப்பிவிடுவாய். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு வாக்கியம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்க்க ஒரே கான்வென்டில்தான் இருவரும் கற்றோம். "'குறைக்கக்கூடும்'னுதான் எழுதியிருக்காங்க. 'குறைக்கும்'னு நீ எப்படிச் சொல்வே?" என்று உன்னை நிறுத்துவேன். யாரை வைத்து ஆராய்ந்தார்கள், அவர்களுக்கு என்ன வயது, பணம் கொடுத்தது யார் என்று நீ எனக்குக் காட்டுவாய். பிறகு, பெஞ்சில் இருப்பவர்களுக்குப் புரியும்படி நான்கு வரி. அந்த நான்கு வரியில் பொய்யும் இருக்கக் கூடாது, பயமுறுத்தலும் இருக்கக் கூடாது. காபி ஆறிப்போகும். என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் யாரை உயிரோட விடப் போறீங்க?" என்பார்.

கொரோனாவுக்கு முந்தைய வருடம் ஆஸ்பிரின் வந்தது. மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள் வருமுன் காக்க தினமும் ஒன்று போட்டுக்கொள்வது உலகம் முழுவதும் இருந்த வழக்கம். நீயும் ஐம்பது தாண்டிய பலருக்கு எழுதிக் கொடுத்திருந்தாய். வயதானவர்களுக்கு அதனால் கிடைக்கும் நன்மையைவிட வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்தே பெரிது என்று அப்போது தெரிய வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு வரிக்கு நாம் மாலை வரை உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் நானும் உன்னோடு கிளினிக்கில் இருந்தேன். "அட்டாக் வந்தவங்க, ஸ்டென்ட் வெச்சவங்க, பக்கவாதம் வந்தவங்க கையைத் தூக்குங்க. இது உங்களுக்கு இல்ல. நீங்க நிறுத்தக் கூடாது" என்று முதலில் அவர்களைப் பிரித்து, இரண்டு முறை சொன்னாய். பிறகு மற்றவர்களுக்கு அந்த நான்கு வரி. ஒரு பூக்காரம்மா கேட்டார்: "அத்த எட்த்துட்டா பதிலுக்கு வேற இன்னா குடுப்பீங்க?"

"ஒண்ணும் கிடையாது."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஃபீஸு?"

என் வீட்டுக்காரரும் அந்த மாத்திரையைப் பல வருடங்களாகப் போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு உன்னிடம், "எனக்குமா?" என்றார். "உங்களுக்கும்தான்" என்றாய். அவர் எழுந்து போய் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பொருளை ஒப்படைக்கிற பையனைப் போல இருந்தது அவர் முகம். மூன்று பேரும் சிரித்தோம்.

அடுத்த மாசியில் ஒரு கல்யாணத்துக்காக மாமல்லபுரம் போயிருந்தோம். விடியற்காலையில் அவரும் நானும் கடற்கரையில் நடந்தோம். படகுகளைக் கரையேற்றியிருந்த இடத்தில் அவர் நின்று, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றார். உட்கார்ந்தவர் பக்கவாட்டில் சாய்ந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். "பெர்சு, இன்னா பண்து? கண்ண தொற நைனா" என்று ஒருவர் கன்னத்தைத் தட்டினார். அவர்களே தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

வீட்டில் உடலைக் கிடத்தியிருந்தபோதே என் மகன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "அந்த மாத்திரையை நிறுத்தாம இருந்திருந்தா அப்பா இருந்திருப்பாரு." நீ வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். உனக்கும் கேட்டது. உள்ளே வந்து, நாற்காலிகளை விட்டுவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தாய். துணிப்பை இல்லை.

"நாளைக்குப் பெஞ்சுல கேப்பாங்க. ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. நான் என்னடி சொல்லட்டும்?"

"அந்த ஆராய்ச்சி மாறிடுச்சா?"

"இல்ல."

"அப்ப என்னை எதுக்குக் கேக்கறே?"

நீ என் முகத்தையே பார்த்தாய். பிறகு மிக மெதுவாகச் சொன்னாய்: "அது ஆயிரக்கணக்கான பேரை வெச்சு எழுதினது. மாத்திரை இருந்திருந்தா அவர் பிழைச்சிருப்பாரா, மாட்டாரான்னு அதுல இல்ல. எதுலயும் இல்ல. எனக்குத் தெரியலைன்னுதான் உன்கிட்ட சொல்ல முடியும்." அந்த வாரம் எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் நூறு பேர். விதி என்றார்கள், கொடுத்துவைத்த சாவு என்றார்கள். தெரியவில்லை என்று சொன்னவள் நீ ஒருத்திதான்.

மறுநாள் என்ன நடந்தது என்பதை ஸ்டேஷன் ஆட்டோக்காரர் ஒருவர் பின்னால் சொன்னார். "வாபஸையே வாபஸ் வாங்குவாங்கன்னு பாத்துகினு இருந்தோம்மா. வாங்கல. அதே நாலு வார்த்த. சொல்லிட்டு மொத ஆள உள்ள கூப்ட்டாங்க." அந்த மாதத்தில் பாதிப் பெஞ்சு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டது. பூக்காரம்மாவும் போனார். நீ அதைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டதில்லை. மீதிப் பெஞ்சுக்காகத் திங்கட்கிழமைகளில் நின்றுகொண்டே இருந்தாய். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜையைத் துடைத்து வைத்தேன். செய்தித்தாளுக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை.

உனக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்தபோதும் நீ அப்படித்தான் இருந்தாய். உனக்கு மருந்து சொன்ன பெரிய டாக்டரிடம், "இதால எத்தனை மாசம் கூடும்? அதுல எத்தனை மாசம் படுக்கையில? நேரா சொல்லுங்க" என்று கேட்டாய். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாய். கோவளத்தில் உன் அண்ணன் வீட்டிலிருந்து உன்னைப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போனபோது பெண்கள் எல்லோரும் வாசலோடு நின்றோம். தெருமுனை வரை ஆண்களின் தோள்கள் தெரிந்தன. அப்புறம் கடல் காற்று மட்டும் இருந்தது.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அவன் எழுந்து வந்தான். குப்பியை மேஜையில் வைத்தேன்.

"இது எத்தனை நாளா?"

"சும்மாம்மா. சின்ன மாத்திரை."

"நான் அளவைக் கேக்கல."

"அப்பா போனதுல இருந்து."

விளக்கு வெளிச்சத்தில் அவன் உதடு வெளுத்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். சில வாரங்களாக மாடிப்படி ஏறினால் நடுவில் நிற்கிறான். வயதாகிறது என்று நினைத்திருந்தேன். நீ என் இடத்தில் இருந்தால் என்ன கேட்பாயோ அதைக் கேட்டேன். "வெளிக்குக் கறுப்பாப் போகுதா? தார் மாதிரி?" ஐம்பத்து மூன்று வயது மகன் அம்மாவிடம் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். பதில் அதிலேயே இருந்தது. ஆட்டோ பிடித்தேன்.

வயிற்றுப் புண்ணிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குழாய் விட்டுப் பார்த்து அடைத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள். வார்டு டாக்டர் ஒரு சின்னப் பெண். தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டு, தூக்கமில்லாத கண்களோடு வந்தாள்.

"இந்த மாத்திரை யார் சார் எழுதிக் குடுத்தாங்க?"

"யாரும் இல்ல. மெடிக்கல்ல வாங்கிக்கறேன்."

"அட்டாக் வந்திருக்கா? ஸ்டென்ட், பக்கவாதம்?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான். அவள் நின்றுகொண்டே விளக்கினாள்: யாருக்கு அது தேவை, யாருக்கு இல்லை, இவனுக்கு ஏன் இனி கூடாது. கிட்டத்தட்ட நம் நான்கு வரிதான். உன் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

அவள் போன பிறகு அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "இதையேதான் நீயும் டாக்டர் ஆண்ட்டியும் அப்பாகிட்டச் சொன்னீங்க."

"ஆமாம்," என்றேன். "அதையேதான்."

"நிறுத்தி எனக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

ஒரு தாய் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அருகில் யாருமில்லை, ஒரு பொய்யை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "ஆகலாம்" என்றேன். "ஆகாதுன்னு நான் சொல்ல முடியாது. நிறுத்தலைன்னா இதே கட்டிலுக்குத் திரும்ப வரதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்." அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "அந்தக் குப்பியைத் தூக்கிப் போட்டுடு" என்றான்.

போட்டுவிட்டேன். இப்போது அவன் வேலைக்குப் போகிறான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் என் கை வேலையை விட்டுவிடுகிறது. மாலையில் கம்பெனி பஸ் தாமதமானால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போகும் முனை வரை நடந்துவிடுகிறேன். அவன் இறங்கினால் காய் வாங்க வந்ததாகச் சொல்கிறேன். நிறுத்து என்று ஒருவரிடம் சொன்ன பிறகு இப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது. அத்தனை பெஞ்சுக்கும் அதைச் சொல்லிவிட்டு நீ அத்தனை வருடம் எப்படி இருந்தாய் என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஒருவன்தான். அதுவே எனக்குத் தாங்கவில்லை.