முப்பத்து மூன்று நாள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பதினோரு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டர். கதவைத் திறந்து இறக்கிவிட்டேன். நன்றிகூடச் சொல்லாமல் படியேறிப் போனார். இன்னும் ஒரு வாரத்துக்கு அவர் லிஃப்ட் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்தால் சுண்டு பாயில் தானாக உட்கார்ந்திருக்கிறாள். தலையணை முட்டுக்கொடுக்கவில்லை. வருகிற பதினொன்றாம் தேதி ஏழு மாதம் முடிகிறது. டார்ச்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கச் சிரித்தாள். வெளிச்சத்தைப் பார்த்து இல்லை, என் முகத்தைப் பார்த்து.

மார்ச் 19, புதன்

சுண்டு புது வித்தை கற்றுக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் தூங்கி எழுந்ததும் தலையைச் சட்டென்று முன்னால் கவிழ்த்து இரண்டு கையையும் விரித்தாள். கொஞ்சம் நிறுத்தி மறுபடி. ஆறேழு தடவை. என் அக்கா எதிர் வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான். "அத்தைக்கு வணக்கம் போடுறாடா" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் பதில் வணக்கம் போட்டேன்.

மார்ச் 27, வியாழன்

"ஏங்க, அந்தத் தலையாட்டல் சரியாப் படல. தினமும் அதே மாதிரி, தூங்கி எழுந்ததும். முடிஞ்ச உடனே அழறா. விளையாட்டுன்னா எதுக்கு அழணும்?"

என் மனைவிக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நான் அசதியில் இருந்தேன். "உனக்குப் பார்க்கிற எடமெல்லாம் பிழைதான். அவ என்ன அச்சடிச்ச காகிதமா?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன். இவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 2, புதன்

அவள் விடவில்லை. தெருமுனை டாக்டரிடம் போனோம். முக்கால் மணி நேரம் காத்திருந்தும் சுண்டு ஒரு தடவைகூடத் தலையைக் கவிழ்க்கவில்லை. எங்கள் தொழிலில் இது தெரிந்த கதைதான். காலையிலிருந்து ஃபோன் போட்டுக் கத்துவார்கள். மெக்கானிக் போய் நின்றால் லிஃப்ட் சமர்த்தாக ஓடும். டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "வாயுத் தொல்லைம்மா. முதல் குழந்தையா?" சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் "பார்த்தியா, ஒண்ணுமில்ல" என்றேன். 

ஏப்ரல் 9, புதன்

உட்கார வைத்தால் சுண்டு பக்கவாட்டில் சரிகிறாள். "நம்ம வீட்டுல எல்லாமே மெதுவாத்தான். நீயே ஒன்றரை வயசுலதான் நடந்த" என்கிறாள் அக்கா. வராமல் இருப்பது வேறு, வந்தது போவது வேறு இல்லையா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

சுண்டுவைப் பற்றி என் மனைவி இப்போதெல்லாம் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

அவள் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். சுண்டு விழித்தபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். தலை கவிழ்ந்தது. கைகள் விரிந்தன. கண் மேலே செருகியது. விட்டது. ஏழெட்டு விநாடி — மறுபடி. தோளைப் பிடித்துப் பார்த்தேன். பிடித்தாலும் நிற்கவில்லை. என் கைக்குள்ளேயே குலுங்கியது. எண்ண ஆரம்பித்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. இருபத்து மூன்று. கடைசியில் வீலென்று அழுதாள்.

டார்ச்சைப் போட்டேன். அணைத்தேன். போட்டேன். அவள் கண் என்னைத் தாண்டிச் சுவரில் நின்றது. எத்தனை நாளாக இப்படி? நான் எங்கே இருந்தேன்?

தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். "நானும் பார்த்துட்டேன்" என்றேன். அவள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள். "நான் ஒரு மாசமா பார்க்கறேன்."

அவள் ஃபோனில் பதினேழு வீடியோ இருக்கிறது.

"எனக்கு ஏன் அனுப்பல?"

"அனுப்பியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

ஏப்ரல் 21, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி. இரண்டு வீடியோ பார்த்தார், மூன்றாவது கேட்கவில்லை.

"இது ஒரு வகை வலிப்பு. கை கால் வெட்டி இழுக்காது, அதனால பல பேருக்குத் தெரியறதில்ல. எப்ப ஆரம்பிச்சது? தேதி சொல்ல முடியுமா?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. இந்த நோட்டு எப்போதும் போல் கருவிப் பையில் இருந்தது. எடுத்துத் திருப்பினேன். "மார்ச் பத்தொன்பது." அவர் கை நீட்டினார், கொடுத்துவிட்டேன். 'எல்லோரும் சிரித்தோம்' வரைக்கும் படித்திருப்பார். நோட்டை மூடித் திருப்பித் தந்தார்.

முப்பத்து மூன்று நாள்.

"முன்னாடியே வந்திருந்தா..." என்று இழுத்தேன்.

"இன்னைக்கு வந்துட்டீங்க. இதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

மூளைப் பதிவு எடுக்க, சுண்டுவின் தலை முழுக்கப் பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். தூங்கினால்தான் பதிவாகும் என்பதால் என் மனைவி மடியிலேயே தூங்க வைத்தாள். பதிவு செய்பவர் முதலில் சகஜமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு திரையை எங்கள் பக்கமிருந்து லேசாகத் திருப்பிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

காரணம் என்னவென்று தெரியவில்லையாம். பல குழந்தைகளுக்குக் கடைசிவரை தெரியாதாம்.

மே 2, வெள்ளி

ஒரு நாளைக்கு நாலு வேளை ஸ்டீராய்டு. முகம் வீங்கிக் கண் இடுங்கிவிட்டது. ஓயாத பசி, ஓயாத அழுகை. மசித்த உருளைக்கிழங்கை ஊட்டி முடிப்பதற்குள் அடுத்த அழுகை. என் மனைவி வேலைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டாள். சுண்டுவைத் தூக்கிக்கொண்டு கண்ணாடியைக் கடந்தபோது, யார் வீட்டுக் குழந்தையோ என்று ஒரு கணம் நின்றேன்.

மே 12, திங்கள்

ஐந்து நாளாக இழுப்பு இல்லை. இன்று எடுத்த பதிவிலும் இல்லை. எழுந்து டாக்டரைக் கும்பிட்டேன்.

"உட்காருங்க. நின்னது ரொம்ப நல்லது. ஆனா போனதெல்லாம் தானா திரும்பும்னு நினைக்காதீங்க. ஒவ்வொண்ணா முதல்லேருந்து பழக்கணும். வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். இழுப்பே மறுபடி வரலாம்."

பஸ்ஸில் ஒரு அம்மாள் சுண்டுவின் கன்னத்தைக் கிள்ளி, "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கீங்க" என்றாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்திவிட்டார்கள், வலிப்பு மருந்து மட்டும் தொடர்கிறது. வீக்கம் வடிந்தது, அழுகையும் அதோடு வடிந்துவிட்டது. இப்போது எங்கே கிடத்தினாலும் அங்கேயே கிடக்கிறாள். யார் வந்தாலும் சரி, யார் போனாலும் சரி.

ஆஸ்பத்திரியில் சுண்டுவுக்குப் பயிற்சி தருகிற பெண் ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தாள். குழந்தை என்னென்ன செய்கிறது என்று நிரப்ப வேண்டும். என் மனைவி எழுதிக்கொண்டே போனாள். உட்காருகிறாளா — இல்லை. பேர் சொன்னால் திரும்புகிறாளா — இல்லை. அம்மாவை அடையாளம் தெரிகிறதா — அங்கே பேனா நின்றது.

"தெரியும்னு போடு" என்றேன்.

"தெரியாததை எப்படிப் போடறது?"

"அம்மாவைத் தெரியாமலா இருக்கும்?"

பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "நீங்க எப்பவும் இப்படித்தான். உங்களுக்கு எது வேணுமோ அதுதான் இருக்கணும். தப்பு இருக்கு, பாருங்கன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? சிரிச்சீங்க. அக்கா முன்னாடி வெச்சு சிரிச்சீங்க." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் நானும் கத்தித் தொலைத்திருப்பேன்.

என்னத்தச் சொல்றது. சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு. பசிச்சா சோறு கேக்கற மாதிரி, மன்னிப்ப வாய்விட்டுக் கேக்க வருமா? மூணு வாரம் முன்னாடி போயிருந்தா இப்ப உக்காந்திருப்பாளோ? யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் கொல்லுது.

ஜூலை 8, செவ்வாய்

அக்கா ஒரு வாரமாக வரவில்லை. இன்று வந்து வாசலிலேயே நின்றாள். "நான்தானே வணக்கம்னு சொன்னேன்" என்று அழுதாள். என் மனைவி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "உங்களுக்கு என்னக்கா தெரியும்? பாசத்துல சொன்னீங்க" என்றாள்.

அக்காவுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாயைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேட்டேன். என் பேரைச் சொல்லவில்லை.

ஜூலை 23, புதன்

குப்புறப் போட்டால் தலையைத் தூக்குகிறாள். நான்கு எண்ணும்வரை.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஒரு வயது. யாரையும் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் சுண்டு பிறந்த அதே வாரம் பிறந்த பையன் நடக்கிறான். பூங்காவில் எங்களைப் பார்த்ததும் அவன் அம்மா அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள், நடப்பது எங்கள் கண்ணில் படக்கூடாதென்று. நல்ல மனசு. அதற்காகவே வேறு வழியில் திரும்பி வந்தோம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று முதல் அவள் மறுபடி அச்சகத்துக்குப் போகிறாள், காலை வேளை மட்டும். நான் மதியம் ஆரம்பிக்கும் பட்டறை வேலைக்கு மாற்றிக்கொண்டேன். அதில் லிஃப்டில் மாட்டிய யாரையும் இறக்கிவிட வேண்டியதில்லை, மோட்டாரைப் பிரித்துக் கோப்பதுதான்.

எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு, பாயில் கிடந்த சுண்டுவின் நெற்றியைத் தொட்டாள். "பதினொரு மணிக்கு மருந்து. மறக்காதீங்க." இப்போதெல்லாம் எங்களுக்குள் பேச்சு இவ்வளவுதான். கதவு சாத்தியது.

சுண்டுவின் உதடு பிதுங்கியது. முதலில் பயந்துவிட்டேன், இழுப்பு என்று. தலை கவிழவில்லை. கை விரியவில்லை. அழ ஆரம்பித்தாள். பசி அழுகை எனக்குத் தெரியும், ஊசி அழுகை தெரியும். இது வேறு. தலையைப் பாயில் உரசி உரசிக் கதவுப் பக்கம் திருப்பி, கதவைப் பார்த்து அழுதாள்.

படிக்கட்டுக்கு ஓடி, கீழே பார்த்துக் கூப்பிட்டேன். மூச்சிரைக்க ஏறி வந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. "வந்துடுச்சா மறுபடி?"

"இல்ல. நீ போனதுக்கு அழறா."

அவள் நம்பவில்லை. உள்ளே போய்ப் பாய்க்கு முன்னால் உட்கார்ந்தாள். அழுகை தேய்ந்து நின்றது. எழுந்து கதவுக்கு வெளியே போய் நின்றாள். அழுகை. திரும்ப வந்தாள், நின்றது. மூன்று தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை சுண்டுவை அள்ளி எடுத்துக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் ஓரமாக நின்றேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தாங்க, நீங்க பிடிங்க. அழட்டும், பரவாயில்ல" என்று குழந்தையை என் கையில் கொடுத்தாள்.

பஸ் எப்போதோ போயிருக்கும். சுண்டு என் தோளில் கத்திக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தாமல் நின்றேன். அவள் ஒவ்வொரு படியாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள், அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே.