பன்னிரண்டு மணிக்கு வந்த பஸ்

ரோட்டோருவா, நியூசிலாந்து
செவ்வாய்க்கிழமை

மகன் ராவிரிக்கு அம்மா எழுதுவது. நீ நலமாகத்தான் இருப்பாய், நலமில்லாதவன் பிரிஸ்பேனில் உட்கார்ந்துகொண்டு எங்கள் ஊர் வாசலுக்கு இவ்வளவு சரியாக டூர் பஸ் அனுப்ப முடியாது. இங்கே யாரும் நலமில்லை. உன் பெரியப்பா ஹேமியை நேற்று அடக்கம் செய்தோம்.

வெள்ளிக்கிழமை காலை வெந்நீர் ஊற்றடியில் ஊர் பார்க்க வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் உனக்கு போன் செய்தேன், "பெரியப்பா போயிட்டாருடா, திங்கள்வரைக்கும் ஊர் அடைச்சிருக்கும், பஸ்ஸ நிறுத்து, நீ கிளம்பி வா" என்றேன். "சீசன்மா, டிக்கெட் எல்லாம் வித்தாச்சு, பாக்குறேன்" என்றாய். என்னத்தைப் பார்த்தாய்? மூன்று நாள் அவரைக் கூடத்தில் கிடத்தி ஒரு நிமிடம்கூடத் தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் நான் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தேன். திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது உன் பஸ். அவரை வழியனுப்பும் கடைசிப் பேச்சு நடந்ததால் ஊரே உள்ளே இருந்தது, வாசலில் கட்டிய கயிறு மட்டும்தான் காவல். ஆக்லாந்திலிருந்து வந்த புது வழிகாட்டி, அதைக் கழற்றிவிட்டு நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் கையில் நீ எழுதிக் கொடுத்த தாள். காலையில் எரிமலைப் பள்ளம், பதினொன்றுக்கு ஏரி, பன்னிரண்டுக்கு மூன்றாவது ஆவிப்பெட்டியில் சாப்பாடு தயாராக இருக்கும், இரண்டுக்கு அருவி. ஊற்று ஆவியில் சமைக்கிற நம் பெட்டிகளில் மூன்றாவதில்தான் நன்றாக வேகும் என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? அடக்கம் முடிந்து வந்து சாப்பிட உன் சித்தி வைமாரி விடியற்காலையில் வைத்த பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அதில் இருந்தன. கரண்டியோடு வந்தவள், மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்கிற கூட்டத்தைப் பார்த்து, "யாருடா நீங்க, மனுசன மண்ணுல வைக்கிறதுக்கு முன்னாடியே பந்தி போட்டுட்டீங்களா" என்று கத்திவிட்டாள். அந்தப் பையன் வெளிறிப்போய், "எனக்குத் தெரியாதுங்க, தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு" என்று நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள், அடியில் உன் பெயர். "நம்ம ராவிரி எழுதினதுதான்" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விரட்டியிருப்பேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தவர்களை எழுப்பி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லை, அந்தத் தைரியத்தில்தானே அனுப்பினாய்? சாப்பிட்டு முடிக்க விட்டு, கை கழுவ வைத்து, வாசலுக்குத் திரும்பப் போய் நிற்கச் சொன்னேன். பிறகு, வாசலில் நிற்கும் வெளியாட்களை ஊர்ப் பெண் ஒருத்தி குரல் கொடுத்து அழைக்கிற நம் முறைப்படி, நானே குரல் கொடுத்து உள்ளே அழைத்தேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக வந்தார்கள், பெயர்கூடத் தெரியாத ஒரு கொரியக்காரி பெரியப்பா காலடியில் உட்கார்ந்து அப்படி அழுதாள். அருவிக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கும்போது பெரியப்பா பிள்ளைகள், உன் அண்ணன்மார் ஐந்து பேர் நின்றார்கள், ஆறாவது இடம் காலி. "ராவிரி எங்க சித்தி?" என்று பெரியவன் எல்லோர் முன்னாலும் கேட்டான். உன் பஸ் டிரைவர் ஃபெலெட்டி கிட்டே வந்து, "பத்து வருசமா அவர்கூடத்தான் டீ குடிச்சேன், நான் பிடிக்கட்டுமா ஆன்ட்டி?" என்றார். பிடித்தார், ராவிரி. உன்னைத் தோளில் வைத்து ஊற்று ஊற்றாகக் காட்டிய மனிதரை உன் கம்பெனி சட்டை போட்ட ஒருவர் சுமந்துகொண்டு போனார், நான் பின்னால் நடந்தேன்.

பேத்திக்கு அந்த ஊர் வெயிலில் தொப்பி போட்டு அனுப்பு. அவளும் உன் மனைவியும் நன்றாக இருக்கட்டும், உன்னை வாழ்த்த இன்று எனக்கு வாய் வரவில்லை. பஸ் இனி இந்த ஊருக்குள் வரக்கூடாது, ஊர் கூடி முடிவு செய்தாகிவிட்டது. நீ வந்தால் பழையபடி சமையலறை வழியாக நுழைந்துவிடாதே. வாசலில் வெளியாட்களோடு வெளியாளாக நில். நான் குரல் கொடுத்தால் வா.

இன்னும் உன் அம்மாதான்,
ரிபேகா