கனமில்லாத பெட்டிகள்

மலைமேல் காவல் நிற்கும் என் வீட்டுக்காரருக்கு,

போனில் கேட்டால் நாலு காது கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய போட்டோவைச் சின்னவள் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். அதில் போட்டிருக்கும் பச்சைக் காலர் கோட்டை உங்களுக்கு யார் கொடுத்தது?

அது இந்த வருஷத்துக் குளிர்கோட்டு. என் கம்ப்யூட்டரைக் கேட்டால், ராணுவக் கிடங்கை விட்டு இன்னும் ஒன்றுகூடப் போகவில்லை என்கிறது. கம்ப்யூட்டரில் பதியாமல் போனில் சொல்லியே சாமான் அனுப்பும் பழைய வழக்கத்தை, கிடங்குக் கணக்கு அதிகாரியாக வந்ததும் ஒழித்ததே நான்தான். அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "சரிங்க மேடம்" என்று எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது.

நேற்று கிடங்குக்காரரைக் கேட்டேன். "எல்லாம் உள்ளதான் இருக்கு மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். ஒரு கோட்டுப் பெட்டியைத் தூக்கினேன். உள்ளே வெறும் காற்று. "டீ சொல்லட்டுமா மேடம்?" என்றார்.

அவர் உங்கள் பழைய சிநேகிதர். அவருக்குப் போன் போட்டது யார்? வாராவாரம் என்னோடு பேசுகிறீர்கள். குளிர் எப்படி என்றால் "பரவாயில்ல" என்கிறீர்கள், கோட்டு வந்ததை மட்டும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விசாரணை. நான்தான் நடத்த வேண்டும்.

அந்தக் கோட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கும் மேடமாகிப்போன மனைவி