கொல்லை என்றால் எது

நேற்று கோர்ட்டில் ஒரு சாட்சி ‘கொல்லை’ என்றார். புதிதாக வந்திருக்கும் நீதிபதி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். இங்கே கொல்லை என்றால் வீட்டின் பின்புறம் இல்லை, புஞ்சை நிலம் என்று விளக்கினேன். ஊர் தெரிந்த வக்கீல் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு உனக்கு வரவேண்டியது.

தொண்ணூற்றொன்றில் நாம் இருவரும் ஒரே சீனியரிடம் இருந்தோம். நான் கும்பகோணத்து வக்கீல் குடும்பம், நீ இந்தப் பக்கத்து மண்ணூர் காலனி. முன்சீப் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தோம். அப்போதுதான் பிள்ளைப்பாக்கத்து அம்மா ஒருவர், தன் நிலம் தன் அனுபவத்தில்தான் இருக்கிறது என்று சொல்லக் கூண்டில் ஏறினார்.

“விடிஞ்சதுலேந்து பொழுது சாயறவரைக்கும் கொல்லைலதான் கெடப்பேன் ஐயா” என்றார். நாள் முழுக்க வீட்டுக்குப் பின்னால் என்ன வேலை என்று அப்போதைய நீதிபதி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மாவின் வக்கீலே நான்தான்.

‘வீட்டின் பின்புறம்’ என்று பதிவாகிவிட்டது. பின் பெஞ்சிலிருந்து நீ எழுந்து, அனுமதி கேட்டு, அர்த்தம் சொன்னாய். அடித்துத் திருத்தினார்கள். நிலம் தப்பியது. போகும்போது அந்த அம்மா கும்பிட்டது உன்னைத்தான். எனக்கு வயிறு எரிந்தது.

முடிவு வந்தபோது பட்டியலில் உன் பெயர் இருந்தது, என் பெயர் இல்லை. டீக்கடையில் விசாரித்தவர்களிடமெல்லாம் ‘கோட்டா’ என்றேன். கொல்லைக்கு நீ அர்த்தம் சொன்னதைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் மைசூர்பாகோடு வந்தாய். “கோட்டாலதான் வந்தேன்டா, இல்லேங்கல. உங்க தாத்தா வக்கீலு, உங்கப்பா வக்கீலு, நீ வக்கீலு. அதுக்கு இன்னா பேருடா?” கோபமில்லாமல்தான் கேட்டாய். நான் மைசூர்பாகை மென்றுகொண்டிருந்தேன்.

பிறகு நீ நீதிபதியாக எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், அங்கே சாட்சிகள் பயமில்லாமல் தங்கள் பேச்சிலேயே பேசுகிறார்கள் என்று யாராவது வந்து சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது. போன மாதம் உன் உடலுக்கு மாலை போட வந்தேன். தெரு கொள்ளாத கூட்டம். அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

நேற்று அந்த நீதிபதி இன்னொன்றும் கேட்டார், இதுதான் உங்கள் சொந்த ஊரா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தும் உன் குரல்தான் கேட்கிறது. அதுக்கு இன்னா பேருடா?