மழைக்குள் ஒரு மூணு

கிள்ளானில் இருக்கும் கூட்டாளிக்கு,

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் மருமகளை உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் நுவாங் மலை ஏறினோம். நல்ல மழை. பாதி வழியில் ஆற்றோரமாகத் தார்ப்பாய் கட்டிப் படுத்துவிட்டோம். மேகம் உள்ளே வந்துவிட்டது. காலை நீட்டினால் பாதம் தெரியவில்லை.

ராத்திரிக் காட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாதென்று நாம் எண் வைத்துக்கொண்டோமே, அதேபோல் விளக்கை அணைத்ததும் நான் "ஒண்ணு" என்றேன். நாகப்பன் "ரெண்டு" என்றான். அப்புறம் மழைச் சத்தம்தான். முத்து முகம்மது வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "நாலு" என்றான்.

"டேய், மூணு எங்கலா?" என்றான் நாகப்பன்.

"கிள்ளான்ல கோவிச்சுக்கிட்டுத் தூங்குது."

சிரித்தோம். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

வலிக்கிற அந்த முட்டியோடு உச்சிக்கு வராதே என்றுதான் போன வருஷம் உன்னிடம் சொன்னோம். மலைக்கே வராதே என்று யார் சொன்னது?

தூக்கம் வந்து அழுத்தும்போது மழைக்குள்ளிருந்து "மூணு" என்று கேட்டது. உன் குரல்தான், அதே இருமலோடு. மற்ற இருவரும் புரண்டு படுத்தார்கள். யார் சொன்னதென்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் தூங்கினோம்.

அடுத்த மாதம் அந்த ஆற்றங்கரை வரைக்கும்தான் போகிறோம். உச்சி இனி யாருக்கும் வேண்டாம். என் முட்டியும் வலிக்கிறது. நீ வந்து உன் எண்ணை நீயே சொல்லு.

இப்படிக்கு,
ஒண்ணு